மல்லாட்டைக் கொல்லை கழனியானது எப்படி?

குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய தாத்தா காலத்தில் மல்லாட்டையும் (நிலக்கடலை) கேழ்வரகும் விளைந்த மூன்று ஏக்கர் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், இப்போது போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு நெல் நடுகிறார்கள். சுற்றிலும் கொஞ்சம் தென்னை, மிச்சமெல்லாம் வீட்டுமனை பிளாட். பழைய கிணறு வறண்டு பல வருடமாகிறது. "இதற்கெல்லாம் விவசாயிகளின் பேராசைதானே காரணம்? டெல்லியிலும் சென்னையிலும் போடுகிற பொருளாதாரக் கொள்கைக்கும் எங்கள் ஊர்க் கொல்லைக்கும் என்ன சம்பந்தம்? திரும்ப மல்லாட்டைக்கு மாற முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணைக்கட்டு, குடியாத்தம், ஆற்காடு என்று பழைய வடாற்காடு மாவட்டத்து (இன்றைய வேலூர், ராணிப்பேட்டை பக்கம்) ஊர்களுக்குள்ளேயே முப்பது வருடம் சுற்றியிருக்கிறேன். சொந்தமாக இரண்டு காணி நிலமும் இருக்கிறது. அதனால் பேராசை என்ற வார்த்தையைப் படித்ததும் மனசு வலித்தது. ஆடி மாதம் விதைக்குப் பணம் புரட்ட அலைகிற ஒருவரை உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பயிரில் அதிக லாபம் என்று அவர் யோசிப்பதில்லை. போட்ட பணம் எதில் கட்டாயம் திரும்பி வரும் என்றுதான் யோசிக்கிறார். அந்தக் 'கட்டாயம்' எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால் உங்கள் ஊர்க் கொல்லையிலிருந்து நேராகச் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்ச் சேருவீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு, சாதாரண நெல் 2,369 ரூபாய், கேழ்வரகு 4,886 ரூபாய், நிலக்கடலை 7,263 ரூபாய். அந்தப் பருவ நெல்லுக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்து 2,500 தந்தது, சன்னரகத்துக்கு 2,545. எங்கள் பக்கம் ஏக்கருக்கு 28 மூட்டை நெல் கண்டால் நல்ல விளைச்சல் என்போம். 75 கிலோ மூட்டை, ஆக 21 குவிண்டால், 52,500 ரூபாய். இறவைக் (கிணற்றுப் பாசன) கேழ்வரகு 11 குவிண்டால் எடுத்தால் ஆதரவு விலைப்படி 53,700 ரூபாய்க்கு மேல் வரவேண்டும். மல்லாட்டை 8 குவிண்டால் காயாக எடுத்தால் 58,000. காகிதத்தில் பார்த்தால் நெல்தான் கடைசி.

தண்ணீர்க் கணக்கையும் போடுங்கள். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். கேழ்வரகுக்கு 400 போதும், மல்லாட்டைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர், ஒரு ஏக்கர் கேழ்வரகுக்கு 16 லட்சம் லிட்டர். வேலூர்ப் பக்கம் வருட மழையே ஏறக்குறைய 950 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஆடியிலிருந்து கார்த்திகைக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மழைக்காலப் போகமான சம்பாவுக்காவது மழை கை கொடுக்கும். தையில் நட்டு சித்திரையில் அறுக்கிற நவரைக்கு விழுகிற தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் போரிலிருந்து வருவது.

வரவும் சமம், தண்ணீரும் மூன்றில் ஒரு பங்கு. அப்புறம் ஏன் எல்லோரும் நெல்லுக்கு ஓடுகிறார்கள்?

நெல்லை வாங்க ஆள் இருக்கிறார். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் என்னென்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள். சாக்கு வரவில்லை என்பார்கள். தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நாலு ராத்திரி நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்க வேண்டும். மழை வந்தால் முளைத்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கடைசியில் எடை போடுகிறார்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறது. கேழ்வரகுக்கு 4,886 ரூபாய் என்பது எங்கள் பக்கத்தில் பேப்பரில் வரும் செய்தி. மூட்டையைக் கமிஷன் மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போனால் மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. மல்லாட்டைக்கும் அதே கதி. அறிவித்த விலை ஒன்று, கையில் வரும் விலை இன்னொன்று என்றால் விவசாயி கையில் வருவதைத்தான் நம்புவார். நீங்களும் நானும் அப்படித்தான் செய்வோம்.

கூலி ஆள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெல் அறுக்க மெஷின் வந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். மல்லாட்டைக்குக் களை வெட்ட, மண் அணைக்க, பிடுங்க, காய் ஆய என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். காட்டை ஒட்டிய ஊர்களில் காட்டுப்பன்றி வேறு ஒரே ராத்திரியில் கால் ஏக்கரைக் கிளறிப்போடும்.

சரி, நெல்லுக்கு மட்டும் எப்படி இந்த இடம் கிடைத்தது? அதற்கு 1960-களுக்குப் போகவேண்டும். 1965-லும் 66-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று நாடே காத்திருந்த காலம். 1966-ல் ஐ.ஆர்.8 என்ற அதிக விளைச்சல் தரும் நெல் ரகம் வெளிவந்தது. அதை முதலில் விதைத்துப் பார்த்தவர்களில் வடாற்காட்டுக்காரர்களும் உண்டு. இந்த மாவட்டத்து விவசாயி ஒருவர் கண்ட விளைச்சலில் பூரித்துப்போய்த் தன் மகனுக்கே 'ஐஆரெட்டு' என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து மனநிலை அது. பசுமைப் புரட்சி கிராமத்தில் என்ன செய்கிறது என்று ஆராய, வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட ஆரணி சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கு வந்து தங்கினார்கள். அரிசிப் பஞ்சம் தீர்ந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. கூழைக் குடித்தும் கிழங்கைத் தின்றும் வளர்ந்த தலைமுறை எங்கள் வீட்டிலும் இருந்தது.

ஆனால் ஐ.ஆர்.8 சும்மா விளையாது. உரம் வேண்டும், நேரத்துக்குத் தண்ணீர் வேண்டும். காவிரி மாதிரி ஒரு ஆறு இங்கே இல்லை. பாலாறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, நம் பக்கம் 222 கிலோமீட்டர் போகிறது என்று கணக்கு இருக்கிறதே தவிர, வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். ஆகவே நம்பிக்கை முழுக்கக் கிணற்றின் மேல் விழுந்தது. நில அடமான வங்கிகள் கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் மோட்டார் வாங்கவும் கடன் கொடுத்தன. மின்சார வாரியம் கம்பம் நட்டது. அதுவரை இறைப்பு என்றால் கவலை, அதாவது மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பது. ஒரு ஜோடி மாடு, ஒரு ஆள், காலையிலிருந்து உச்சி வெயில் வரை. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், கிணறு ராத்திரியில் ஊறிக்கொள்ளும். கிணற்றுக்கு இருந்த ஒரே காவல் மாட்டின் களைப்புதான். மோட்டார் வந்ததும் அந்தக் காவல் போய்விட்டது.

அதற்கடுத்து மின்கட்டணம். 1970-ல் விவசாய மின்கட்டணத்தை ஏற்றியதிலிருந்து போராட்டம் ஆரம்பம். விவசாயிகள் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவையை மாட்டு வண்டிகளால் நிரப்பினார்கள். வடாற்காட்டிலும் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பலம் இருந்தது. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. தஞ்சாவூர்க்காரருக்கு மேட்டூர்த் தண்ணீர் அரசு கட்டிய அணையிலிருந்து, அரசு வெட்டிய வாய்க்காலில் வருகிறது. இங்கே ஒருவர் தன் காசில் கிணறு வெட்டி, தன் காசில் மோட்டார் வாங்கி, கரண்டுக்கும் காசு கட்ட வேண்டும். இரண்டு பேரின் நெல்லுக்கும் ஒரே விலை. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. 2003-ல் மறுபடி கட்டணம் கொண்டுவந்து, 2004 தேர்தல் முடிவு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

இலவச மின்சாரம் நிலத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவேண்டும், இங்கேதான் நிறையப் பேர் தவறிப்போகிறார்கள். பம்பை இன்னும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் விவசாயிக்கு ஆகும் கூடுதல் செலவு பூஜ்யம். அப்படி இருக்கும்போது அதை நிறுத்த அவருக்குக் காரணமே இல்லை. அதோடு மூன்று முனை மின்சாரம் நாள் முழுக்க வராது, எப்போது வரும் என்றும் தெரியாது. அதனால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும், கழனி நிரம்பி வரப்பு உடைந்தாலும் ஓடும். பார்க்கிற வெளியூர்க்காரர் 'பொறுப்பில்லாத ஜனங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவார். மின்சாரம் பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒழுங்காக வந்தால் பாதிப் பேர் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது போட்டி. பக்கத்துக் கொல்லைக்காரர் 300 அடி போர் போட்டால் என் 60 அடிக் கிணறு வற்றும். நான் 500 போட்டால் அவருடையது வற்றும். நிலத்துக்கடியில் இருக்கும் தண்ணீருக்கு வரப்பு கிடையாது. நான் மிச்சம் பிடித்தால் அது என் கணக்கில் சேராது, அடுத்தவர் பம்பில் ஏறிவிடும். இந்த ஓட்டத்தில் யார் முதலில் விழுந்தார்கள் என்று பார்த்தேன். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்கள். ஒரு போர் பொய்த்தால் இரண்டாவது போட அவர்களிடம் பணம் இல்லை. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஷூ கம்பெனி பஸ் ஏறிவிட்டார்கள். மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்பது சட்டப்படி சரி. ஆனால் அந்த இலவசத்தில் பெரும்பகுதி, ஆழமாகத் துளை போட முடிந்தவருக்கே போய்ச் சேருகிறது. வறண்ட கிணற்றின் மேலிருக்கும் இலவச இணைப்பால் என்ன பயன்? 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் நீக்கப்பட்டது.

ஏரிகளும் இந்தக் கணக்கில்தான் கெட்டன. தமிழ்நாட்டின் 39,000 ஏரி, குளங்களில் பழைய வடாற்காட்டின் பங்கு பெரியது. வாலாஜா பக்கத்தில் 1850-களில் கட்டிய பாலாறு அணைக்கட்டு இன்றும் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குத் தண்ணீர் தருகிறது. ஏரி ஒழுங்காக இருந்தால் கீழே இருக்கும் கிணறுகள் ஊறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களில்) இருக்கும் பெரிய விவசாயிகள் சொந்தப் போர் போட்டுவிட்ட பிறகு, மதகு உடைந்தால் ஊர்க்கூட்டம் போட்டுக் குரல் கொடுக்க யார் வருவார்கள்? வருகிறவர் போர் போட வசதியில்லாதவர். அவர் குரல் எடுபடாது. ஏரிக்குள் சீமைக் கருவேலம் ஏறியது, வரத்துக்கால் மேல் வீடு ஏறியது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் புதிய திட்டம் வந்து சில ஏரிகள் தூர் வாரப்பட்டன. நல்லதுதான். ஆனால் ஒரு காலத்தில் ஏரியைக் காத்தது அந்த ஊரின் தேவை. அந்தத் தேவையை இலவச மின்சாரம் அரித்துவிட்டது. டெண்டர் எடுத்தவரால் அதைத் திருப்பித் தரமுடியாது.

இனி மல்லாட்டைக்கு வருகிறேன். இந்தச் செம்மண் கொல்லைகளுக்கென்றே பிறந்த பயிர் அது. ஆடியில் விதைத்தால் மழையிலேயே விளையும். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும், கொடி மாட்டுக்குத் தீவனம், புண்ணாக்கு கறவைக்கு, எண்ணெய் வீட்டுக்கு. 1986-ல் எண்ணெய்வித்துக்களுக்கென்று மத்திய அரசு ஒரு தொழில்நுட்ப இயக்கம் ஆரம்பித்து, இறக்குமதியைக் கட்டுக்குள் வைத்தது. அந்தச் சில ஆண்டுகள் மல்லாட்டைக்காரருக்கு நல்ல காலம். 1994-ல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று 65 சதவீத வரியோடு கதவைத் திறந்தார்கள். நாலே வருடத்தில் அந்த வரி 15 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகு எண்ணெய் விலை ஏறினால் வரியைக் குறைப்பதும், விவசாயிகள் சத்தம் போட்டால் ஏற்றுவதுமாக நடக்கிறது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரியை 20 சதவீதமாக ஏற்றினார்கள், 2025 மே மாதக் கடைசியில் 10 ஆக இறக்கினார்கள். விதைக்கும்போது ஒரு வரி, பிடுங்கும்போது ஒரு வரி. ஏக்கருக்கு ஐம்பது அறுபது கிலோ விதைப்பருப்பு வாங்கிப் போடுகிறவர் எதை நம்பிப் போடுவார்?

நம் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காட்டை அழித்து நட்ட பனையின் எண்ணெயை நம் வரிப்பணத்தில் மானியம் கொடுத்து வாங்குகிறோம். அணைக்கட்டு ஊர்க் கொல்லையில் மழைத்தண்ணீரில் விளைந்த மல்லாட்டை எண்ணெய்க்கு அந்தக் கடையில் இடமில்லை. அங்கே காடு போகிறது, இங்கே மானாவாரி போகிறது.

மல்லாட்டை போனதும் மாட்டுக்கு இருந்த கொடி போனது, மாடு குறைந்தது, எரு குறைந்தது. அந்த இடத்தை யூரியா பிடித்தது. 2010-ல் மற்ற உரங்களின் விலையை ஓரளவு சந்தைக்கு விட்டுவிட்டு யூரியாவை மட்டும் பழைய விலையில் வைத்தார்கள். 45 கிலோ மூட்டை இன்றும் 270 ரூபாய்க்குள், டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350. மலிவானதை அதிகம் போடுவார்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கும், பூச்சி தேடி வரும், மருந்து அடிக்கவேண்டி வரும், மிஞ்சிய உப்பு கிணற்றுத் தண்ணீரில் இறங்கும். மண் பரிசோதனை அட்டையை நானே ஆயிரக்கணக்கில் விநியோகித்திருக்கிறேன். அட்டை ஒன்று சொன்னது, உரக்கடை விலை வேறொன்று சொன்னது. விலைதான் ஜெயித்தது.

இதுவரை சொன்னதெல்லாம் விவசாயக் கொள்கை. நம் மாவட்டத்து நிலத்தை விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கொள்கை இதைவிட மோசமாக அடித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுவது, பரம்பரைத் தொழில். பழைய முறையில் ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்துவார்கள். காட்டோரத்து ஏழைகளுக்குப் பட்டை உரித்துக் கொடுத்துக் கொஞ்சம் காசு வரும். 1973-ல், பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தி, முழுசாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவுமாக விற்கவேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. வேலையும் லாபமும் இங்கேயே நிற்கட்டும் என்பது நோக்கம். அது நிறைவேறவும் செய்தது. இன்று எங்கள் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் அந்த முடிவால் வேலை பெற்றவர்கள். சொந்தச் சம்பளம் வாங்குகிற முதல் தலைமுறைப் பெண்கள் பலர். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஆவாரம்பட்டையின் இடத்துக்குக் குரோமியம் வந்தது, கூடவே மூட்டை மூட்டையாக உப்பும் ரசாயனமும். ஏற்றுமதி பெருகப் பெருகக் கழிவும் பெருகியது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு ஷாப்பின் கணக்கில் ஏறவில்லை, பாலாற்று மணலுக்குள் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. தோல் ஷாப்புகள் இருக்கும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்ற வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பிறகு அமைந்த ஆணையம் 29,000 பேருக்கு மேல் இழப்பைக் கணக்கிட்டது. தொகை 26 கோடி ரூபாய் சொச்சம். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றியும் இழப்பீடு பற்றியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 28 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்த நிலங்களில் என்ன ஆனது என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் நெல் பதராகும். கரும்பு மஞ்சளாகும். உப்பைக் கொஞ்சம் தாங்கும் என்று தென்னை வைப்பார்கள். சில வருடத்தில் குரும்பை உதிரும். அப்புறம் பிளாட் போடுகிறவர் வருவார். அந்த விவசாயி நிலத்தை விற்றதைப் பேராசை என்று எந்த வாயால் சொல்வது?

மணலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் கட்டடங்கள் உயர்ந்தபோது பாலாற்று மணலுக்குப் பொன் விலை வந்தது. 2003-ல் அரசே மணல் விற்பனையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆற்று மணல்தான் எங்கள் தண்ணீர்த் தொட்டி. மணல் ஆழம் குறையக் குறைய ஊற்றுக்கால்கள் செத்தன, கரையோரக் கிணறுகள் இறங்கின. மணல் விற்ற பணம் ஒரு கணக்கில் வரவானது. வற்றிய கிணறு எந்தக் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை.

பிளாட் விஷயமும் அதேதான். நாலுவழிச்சாலை வந்தது, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம் வழியாகச் சென்னை பெங்களூரு விரைவுச்சாலை போகிறது. நிலத்தின் விலை அதில் விளைவதை வைத்து ஏறவில்லை. ஏக்கர் நெல்லில் வருடம் முழுக்க நிற்பதைவிட, நிலத்தை விற்ற பணத்துக்கு வரும் வங்கி வட்டியே அதிகம் என்றால் வண்டல் அடிக்கவும் மரம் வைக்கவும் யாருக்கும் கை வராது. பிளாட் போடுவதற்கு முன்பே அந்த நிலம் மனசளவில் விவசாயத்தை விட்டுப் போய்விடுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? இலவச மின்சாரத்தை நிறுத்து என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கே நிறுத்தினால் முதலில் சாவது சிறு விவசாயி. இலவசத்தை வைத்துக்கொண்டே மிச்சப்படுத்துகிறவருக்குக் காசு கொடுக்கலாம். பஞ்சாபில் 2018-ல் அப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒதுக்கிய அளவுக்குக் கீழே மின்சாரம் எடுத்தால், மிச்சமான யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயி கணக்கில் போடுவார்கள். ஹரியானாவில் 2020-ல் நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுகிறவருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இவற்றை அப்படியே எடுத்து இங்கே ஒட்டமுடியாது. ஆனால் எண்ணம் சரியானது, தண்ணீரை மிச்சம் பிடிப்பவர் கணக்கில் அது வரவாக ஏறவேண்டும். சொட்டுநீருக்கு இங்கே சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. நல்ல திட்டம். ஆனால் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் கரும்பு ஏறுவதையும் பார்த்திருக்கிறேன், அதனால் அது மட்டும் போதாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது கொள்முதல். தருமபுரி, கிருஷ்ணகிரியில் கேழ்வரகை அரசே வாங்க ஆரம்பித்து, 2023-ல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கேழ்வரகு கொடுத்தார்கள். அதே வசதியைக் குடியாத்தத்திலும் அணைக்கட்டிலும் ஒரு பருவம் முன்கூட்டியே அறிவித்துச் செய்யட்டும். சத்துணவுக் கூடத்துக்கு மாவட்டத்திலேயே விளைந்த மல்லாட்டை வாங்கட்டும். மூன்று பருவம் தவறாமல் வாங்கினால் நவரையில் பாதி தானாகவே மாறும். விவசாயிகள் விலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புவார்கள் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்க ஆள் இருப்பதால்தான் அந்த நாட்டு ரகம் இன்னும் கொல்லையில் நிற்கிறது. கணியம்பாடி பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கிக் கட்டிய, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கூலி கொடுத்தால் தண்ணீரைச் சேமிக்கவும் இதே ஜனங்கள்தான் வருகிறார்கள்.

கடைசியாக உங்கள் மூன்று ஏக்கர். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், உங்கள் அப்பா சம்மதிக்கவும் மாட்டார். சம்பா நெல் வீட்டுச் சோற்றுக்கும் விற்பனைக்கும் அப்படியே இருக்கட்டும். நவரையை மட்டும் விட்டுவிட்டு, மேடான ஒரு ஏக்கரில் மார்கழிப் பட்டத்துக்கு இறவை மல்லாட்டை போடுங்கள். விதைப்பருப்பை வெளியில் வாங்கும் முன் வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்தில் ரகம் பற்றிப் பேசலாம். தனியாகப் போட்டால் பன்றிக்கும் மயிலுக்கும் காவல் இருக்க முடியாது, பக்கத்து நிலக்காரர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேராக இருந்தால் மண்டியில் கொட்டாமல் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கவும் வழி பிறக்கும். அதற்கு வேலூரிலேயே வாங்க ஆள் இருக்கிறார்கள். நெல்லுக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது, மல்லாட்டைக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை பழைய கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பாருங்கள். சித்திரையில் காய் பிடுங்கியதும் அந்த நோட்டில் இருப்பதையும் கையில் நின்ற பணத்தையும் எழுதி அனுப்புங்கள், இரண்டாவது ஏக்கரைப் பற்றி அப்போது பேசலாம்.